நரம்புத் துடிப்பு: புரத வாயிலா, கொழுப்பு அலையா?

பாம்பன் கரையில் ஊசிக் கணவாய் வாங்கினால், வகிர்ந்து திறந்து உள்பக்கச் சதையைப் பாருங்கள். விசிறி மாதிரி பிரிந்து ஓடும் மெல்லிய வெண்ணூல்கள் தெரியும். அவைதான் நரம்புகள். சில கணவாய்களில் ஒரே ஒரு நரம்பிழை அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்திருக்கும். இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் மின்கம்பியைச் செருகிப் பார்த்தது அப்படிப்பட்ட இழையில்தான்.

நரம்பில் செய்தி மின்துடிப்பாக ஓடுவது எப்படி? 1952ல் அவர்கள் சொன்ன விளக்கம் இது: செல் சவ்வின் கொழுப்புப் படலம் மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது. அதில் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, அப்புறம் பொட்டாசியம் வெளியேறுகிறது. அந்த வாயில்கள் புரதங்கள் என்பது பின்னால் உறுதியானது. துடிப்பின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்குப் போட்டார்கள். அளந்தபோது வந்தது 21.2. காகிதத்தில் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

எதிர்த்தரப்பு 2005ல் வந்தது. கோபன்ஹேகனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹைம்பர்க்கும் ஜாக்சனும், ஓடுவதே கொழுப்பின் அலைதான் என்றார்கள். நெய் உறைகிற பதத்துக்குப் பக்கத்தில் சவ்வின் கொழுப்பு இருக்கிறது. ஓரிடத்தில் அது நெருங்கி இறுகினால் அந்த இறுக்கம் கலையாமல் நகரும். மின்சாரம் கூடவே வருவது, அவ்வளவுதான். இதை லேசில் தள்ள முடியாது. துடிப்பின்போது நரம்பு துளி சூடாகி, அந்தச் சூட்டைப் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிக நுண்ணிய அளவில் வீங்கவும் செய்கிறது. 1952ன் சமன்பாடுகளில் இந்த இரண்டுக்கும் இடமில்லை.

ஆனாலும் நான் வாயில் பக்கம்தான். காரணம், பேத்தை மீன். வலையில் விழுந்தால் விஷமென்று நம் ஆட்கள் வீசிவிடுகிறார்களே, அதே மீன். அதன் நஞ்சான டெட்ரோடோடாக்சின், சோடியம் வாயிலின் வெளிவாசலை அடைக்கிறது, கொழுப்பைக் கலைப்பதில்லை. நரம்பு அதோடு அடங்கிவிடுகிறது. அலைதான் மூலம் என்றால் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே. இன்னொன்று: ஒரே இழையின் இரு முனையிலிருந்தும் வரும் துடிப்புகள் மோதினால் இரண்டுமே அழிகின்றன. அலைக் கொள்கைப்படி ஒன்றையொன்று கடந்து போக வேண்டும். மண்புழு நரம்பில் கடந்து போனதாக 2014ல் ஓர் ஆய்வு சொன்னது. அதை மறுத்தவர்களும் உண்டு.

மயக்க மருந்து விஷயத்திலும் இதே இழுபறி. ஆலிவ் எண்ணெயில் நன்றாகக் கரையும் மருந்துக்கு வீரியம் அதிகம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே மேயரும் ஓவர்டனும் கண்டார்கள். கொழுப்புக் கட்சிக்கு அது பலம். ஆனால் கொழுப்பே கலக்காத புரதத்தையும் அதே மருந்துகள் முடக்குகின்றன என்று 1984ல் ஃபிராங்க்ஸும் லீபும் காட்டினார்கள்.

இதனால் கொழுப்பு வெறும் சுவர் என்று ஆகிவிடாது. சவ்வின் உட்புறத்தில் பிப்-2 என்றொரு கொழுப்பு கொஞ்சமே இருக்கிறது. அது குறைந்தால் சில பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ளும், நரம்புச் செல் சட்டென்று கிளர்ந்துவிடும். குளிர்கடல் மீன்களின் நரம்புச் சவ்வில் எளிதில் உறையாத கொழுப்பு கூடுதல். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் வாழும் மீனுக்கு அவ்வளவு தேவைப்படாது. துடிப்பை ஓட்டுவது வாயில்கள். அவை எவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்பதில் கொழுப்புக்கும் கை உண்டு.