வேலையில்லாதோர் உதவித்தொகை "வாங்கித் தர்றோம்" என்பவர்களிடம் ஜாக்கிரதை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ‘வேலைவாய்ப்பு பதிவு, புதுப்பித்தல், உதவித்தொகை செய்து தரப்படும்’ என்று வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். கடைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அதே ஃப்ளெக்ஸ் தொங்கும் அடுத்த கடைக்குப் போவீர்கள். கடையை விட அங்கே நடக்கும் வேலைதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

என் தம்பி பி.காம். பிளஸ் டூ முடித்தபோது பள்ளிக்கூடத்திலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். டிகிரி முடித்ததும் அதைச் சேர்க்க இந்த சென்டருக்குப் போனான். அதைச் சரியாகத்தான் செய்தார்கள். அதனால் நம்பிக்கை வந்துவிட்டது. மூன்று வருடம் கழித்துப் புதுப்பிக்கவும் அங்கேயே போனான். "அட்டையை வெச்சுட்டுப் போங்க தம்பி, சர்வர் ஸ்லோவா இருக்கு, சாயந்திரம் வந்து வாங்கிக்கோங்க" என்றார்களாம். சாயந்திரம் புதுப் பிரின்ட், லேமினேஷன், 250 ரூபாய். அடுத்த புதுப்பிப்பு மாதமும் வருடமும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தவன், ஒருநாள் பேப்பரில் கலெக்டர் அறிவிப்பைப் பார்த்தான். காலாண்டுக்கு ஒருமுறை எல்லா மாவட்டத்திலும் வரும் அறிவிப்புதான் அது: பதிவு செய்து ஐந்து வருடம் முடித்த வேலையில்லாத இளைஞர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று. டிகிரியைப் பதிந்து ஐந்து வருடம் தாண்டியிருந்தது. எல்லாச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க பிரின்ட் மாதிரிதான் இருக்கு, ஆனா சிஸ்டத்துல நீங்க புதுப்பிக்கவே இல்லையே. பதிவு எப்பவோ காலாவதி ஆயிடுச்சு" என்றார்.

சர்வர் ஸ்லோ என்ற அன்று என்ன நடந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. சர்வர் வேலை செய்யவில்லை, வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பவும் மனசில்லை. பழைய அட்டையை ஸ்கேன் செய்து வருடத்தை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு தம்பியின் கணக்கில் செல்போன் எண் என்று இருந்த இடத்தில் அவன் எண் இல்லை, கடைக்காரருடைய எண்! துறையிலிருந்து என்ன தகவல் வந்தாலும் அந்த ஆளுக்குத்தான் போயிருக்கும்.

இதை விவரமாக எழுதக் காரணம், பலர் இதை 250 ரூபாய் நஷ்டம் என்றே நினைக்கிறார்கள். பணம் போனது பெரிய விஷயமில்லை. உதவித்தொகைக்கான விதியே பதிவைத் தொடர்ந்து புதுப்பித்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருடம் போதும். நடுவில் அறுந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். உதவித்தொகைக்கு வயது வரம்பும் உண்டு: எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45, மற்றவர்களுக்கு 40. இந்த மற்றவர்களில் முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவருக்குப் பதிவு அறுந்தால், அடுத்த ஐந்து வருடம் முடிவதற்குள் வயது போய்விடும். போனது வெறும் காகிதம் என்று கடைக்காரர் சொல்லலாம், அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருப்பது ஒருத்தரின் பதிவு மூப்பு, அதாவது சீனியாரிட்டி. சில அரசுப் பணிகளுக்கு இன்னும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து மூப்புப் பட்டியல் கேட்கிறார்கள், அதிலும் அவர் பெயர் கீழே போய்விடும்.

"மாசம் 600 ரூபாய்க்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கு 300, தோல்விக்கு 200. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், அதிகபட்சம் மூன்று வருடம். கூட்டிப் பார்த்தால் ஒரு பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். இந்தக் காலத்தில் இது ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். அரசு இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்பதும் என் கருத்து. ஆனால் அப்பாவிடம் கை நீட்டாமல் தேர்வுக்குப் போய்வரும் பஸ் காசும் மாதிரித் தாள் வாங்கும் காசும் அதில்தான் வந்திருக்கும் என்று நினைத்திருந்த பையனுக்கு அது ஒன்றுமில்லாத தொகை இல்லை.

கதை இதோடு முடியவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போய்க் கேட்டோம். மனுஷன் கொஞ்சம்கூட அசரவில்லை. "அக்கா, சத்தம் போடாதீங்க. ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு. மூவாயிரம் குடுங்க, பழைய சீனியாரிட்டியை அப்படியே எடுத்துத் தந்துடறேன். உதவித்தொகையும் அடுத்த மாசமே ஏத்திடலாம்" என்கிறார்! முதலில் கெடுத்தது அவர், இப்போது சரிசெய்யக் கூலி கேட்பதும் அவர். பக்கத்தில் ஒரு பொண்ணு பி.இ. சான்றிதழோடு அதே உதவித்தொகைக்கு ஐந்நூறு ரூபாய் கட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம், விவசாயம் மாதிரித் தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையவே கிடையாது. அதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு காசைத் திருப்பிக் கேட்டது, கடைக்காரருக்கு என் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது.

"ஆபீஸ்ல ஆள் இருக்கு" என்ற பேச்சை மட்டும் எங்கேயும் நம்பாதீர்கள். புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு எப்போதாவது அரசாணை போட்டுச் சிறப்புச் சலுகை தருவதுண்டு. எந்தெந்த வருடம் தவறியவர்கள், எந்தத் தேதிக்குள் என்று அதில் தெளிவாக இருக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது, நம் கணக்கில் நாமே புதுப்பித்துக்கொள்ளலாம். அரசாணை வரும்போது அதைத் தங்கள் செல்வாக்கு மாதிரி விற்பதுதான் இவர்கள் தொழில்.

அதே கடையில் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. பிரதமர் திட்டத்தில் வேலையில்லாதவர்களுக்கு மாதம் 3,500 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் சுற்றியது நினைவிருக்கலாம். அப்படி ஒரு திட்டமே இல்லை, அது பொய்ச் செய்தி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்துவிட்டது. ஆனாலும் அந்த லிங்க்கில் ஃபாரம் நிரப்பிக் கொடுக்க ஆளுக்கு நூறு ரூபாய் வாங்குகிறார்கள். ஆதார், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது. அப்படி ஓ.டி.பி. சொல்லிக் கணக்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.

உண்மையான நடைமுறை எளிது. வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் பதிவதும் புதுப்பிப்பதும் இலவசம், செல்போனிலேயே முடியும். உதவித்தொகைக்கான விண்ணப்பப் படிவமும் இலவசம்தான். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வருவாய்த் துறையில் சான்று வாங்க வேண்டும். முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, தபால் வழியில் படிக்கலாம். அசல் சான்றிதழ்களோடு வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். பணம் வர ஆரம்பித்த பிறகும் வருடா வருடம் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும், இதைக் கொடுக்காமல் பாதியில் பணம் நின்றுபோனவர்களும் உண்டு. உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி ஆகாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் அதிகம், 600 முதல் 1,000 வரை, பத்து வருடம் வரை வரும், அவர்களுக்கு வருமான உச்சவரம்பு இல்லை. இத்தனையும் அந்தக் காலாண்டு அறிவிப்பிலேயே இருக்கிறது.

இந்த நடைமுறையில் "கடைக்காரர்" என்று ஒருவருக்கு எங்கேயும் இடமில்லை, கவனித்தீர்களா? செல்போன் இல்லாதவர்களும் டைப் செய்யத் தெரியாதவர்களும் உதவிக்கு ஒருவரைத் தேடுவதில் தப்பில்லை. அரசு இ-சேவை மையத்துக்குப் போங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். வெளியில் எங்கே செய்தாலும் வேலை நடக்கும்போது திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நம் செல்போன் எண்ணைத்தான் போடுகிறார்களா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரின்டை நம்பாமல் இணையதளத்தில் உள்ளே போய், புதுப்பிப்பு மாதம் அங்கேயும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மாறவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் படம்.

நாங்கள் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். போலியான அட்டையின் நகலும், அலுவலகத்தில் வாங்கிய உண்மைப் பதிவு விவரமும் சேர்த்து. மனு காவல் நிலையத்துக்குப் போனது, கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஃப்ளெக்ஸிலிருந்த ‘உதவித்தொகை’ என்ற வார்த்தை மேல் பேப்பர் ஒட்டியிருக்கிறது. தம்பிக்கு மூப்பு திரும்பவில்லை. புதிதாகப் பதிந்திருக்கிறான், இந்த முறை அவனே, அவன் போனிலிருந்தே. ஏதாவது சிறப்புச் சலுகை வந்தால் பழைய பதிவை மீட்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறோம். அந்த அம்மா மனுவின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் பதிவு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது எப்படி எனத் தெரியாதவர்கள் கீழே கேளுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன். ஆனால் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் யாரும் இங்கே போட்டுவிடாதீர்கள். கடவுச்சொல்லை மாற்றாமலே விட்ட பழைய கணக்குகளில் பல பேருக்கு அந்தப் பிறந்த தேதிதான் கடவுச்சொல். அந்த இரண்டும் கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்குக்குள் புகுந்து செல்போன் எண்ணை மாற்றிவிட முடியும்.