112 முதல் வாட்ஸ்அப் போஸ்டர் வரை: கர்ப்பிணிப் பெண் காணாமல் போனால் எந்தச் சேவை எதற்கு உதவும்?

ஊரில் ஒரு கர்ப்பிணியைக் காணவில்லை என்றதும் முதலில் கிளம்புவது வாட்ஸ்அப் போட்டோதான். பொழுது சாய்வதற்குள் அது நாலு மாவட்டம் சுற்றி வந்துவிடும். ஆனால் ஸ்டேஷனில் மனு போயிருக்காது, அவரை மாதாமாதம் பார்க்கும் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவலே தெரிந்திருக்காது. வரிசை அப்படியே தலைகீழ். தமிழ்நாட்டில் இந்த நேரத்துக்குக் கைகொடுக்கும் சேவைகள் ஒன்றிரண்டல்ல. எது எதற்கு உதவும், எங்கே கோட்டை விடுகிறோம் என்பதற்கான மதிப்பீடு இது.

முதல் அழைப்பு 112-க்கு. பழைய 100-ம் வேலை செய்கிறது. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது சினிமா போட்ட சட்டம், வேறெங்கும் கிடையாது. குறை எங்கே வருகிறது என்றால், நாம் சொல்லும் விதத்தில். 'பொண்ணைக் காணோம்' என்று மட்டும் சொன்னால் 'பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'எட்டு மாசம், பி.பி. இருக்கு, மாத்திரை வீட்டுலயே கிடக்கு, கடைசியா மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல பார்த்தாங்க' என்று சொல்லுங்கள். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் வலிப்பு வரை போகும். தேடலின் அவசரத்தை முடிவு செய்வது அந்த ஒரு வரிதான். யாராவது மிரட்டியிருந்தால் அதையும் இதே அழைப்பில் சொல்லிவிட வேண்டும். அவசரச் சேவையாக இதற்கு 5-க்கு 4.

காவல் துறையின் 'காவல் உதவி' செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினால் இருக்குமிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அழுத்த வேண்டியவர் அந்தப் பெண். போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்க வேண்டும். காணாமல் போன பிறகு வீட்டார் அதை இறக்கிக்கொள்வதில் பயனில்லை. மசக்கை மாதத்திலேயே போட்டு வைக்க வேண்டிய பொருள் அது.

ஸ்டேஷன் விஷயத்தில் நின்று நிதானிக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகும் மாதம் அது. மாமியார் வீடு ஒரு ஸ்டேஷன் எல்லை, அம்மா வீடு இன்னொன்று, கடைசியாகப் பார்த்த பஸ் ஸ்டாண்டு மூன்றாவது. அங்கே போயிருப்பாள் என்று இவர்களும், இன்னும் கிளம்பவில்லை போல என்று அவர்களும் இருந்தே ஒரு ராத்திரி கழிந்துவிடும். பிறகு ஸ்டேஷனில் 'இது எங்க லிமிட் இல்லை'. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எடுக்க மறுத்தால் அதே புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா என்று அங்கேயே பாருங்கள். பலர் ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டாயிற்று என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவே. 'பெண் காணவில்லை' என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர். பதிவாகி எண் விழுந்தால்தான் போன் அழைப்பு விவரம், டவர், வங்கி என்று அடுத்தடுத்த கடிதங்கள் நகரும். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டியது. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் கதையே வேறு: உச்ச நீதிமன்றத்தின் 2013 உத்தரவுப்படி அதைக் கடத்தல் வழக்காகவே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும்.

புகாரில் செய்யும் பெரிய தப்பு, 'கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா' என்று எழுதுவது. அதை எழுதிய நிமிடமே கோப்பின் வேகம் பாதியாகிவிடும். அதற்காக வீட்டுச் சண்டையை மறைப்பதும் சரியல்ல. விசாரிப்பவருக்கு வேண்டியதே அதுதான். நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள், காரணத்தை அவர்கள் முடிவு செய்யட்டும். போட்டோ விஷயத்தில் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒப்பனையும் நகையுமாக இருக்கும் முகத்தை வைத்துக்கொண்டு, நைட்டியும் துண்டுமாக அரசு ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவரை யாராலும் அடையாளம் காண முடியாது. சமீபத்தில் போனில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று, முழு உருவம் தெரியும் படம் ஒன்று போதும். தாலி எந்த வகை, மெட்டி, மச்சம், தழும்பு, செருப்பின் நிறம் வரை எழுதிக் கொடுக்கலாம்.

இனி யாரும் கூப்பிடாத, ஆனால் இந்த வரிசையிலேயே அதிக மதிப்பெண் வாங்க வேண்டிய சேவை: துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர். நம் ஊரில் 'நர்ஸம்மா'. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பிக்மி தளத்தில் (கர்ப்பிணிகளுக்கான அரசின் இணையப் பதிவேடு) பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் வாங்குவது நடைமுறை. பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு உதவித்தொகைக்கும் அந்த எண்தான் கேட்பார்கள். கடைசி மாதவிலக்குத் தேதி, பிரசவத் தேதி, ரத்த வகை, பரிசோதனை விவரம் எல்லாம் அதில் ஏறியிருக்கும். அந்தப் பெண் வேறு ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய் அதே எண்ணைக் காட்டினால் அங்கே ஒரு பதிவு விழ வாய்ப்பிருக்கிறது.

ஆனால் அந்தப் பதிவை நர்ஸம்மா கணவரிடமோ மாமனாரிடமோ எடுத்துக் காட்டமாட்டார், காட்டவும் கூடாது. விசாரணை அதிகாரி சுகாதாரத் துறைக்கு எழுத்துமூலம் கேட்க வேண்டும். வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆர்.சி.எச். எண்ணை எஃப்.ஐ.ஆரிலேயே சேர்க்கச் சொல்வது. அந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை.

அதற்கு முன் பீரோவைத் திறந்து பாருங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ஃபைல், இரும்புச்சத்து மாத்திரை அட்டை மூன்றும் இருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் அவர் யோசித்து, குழந்தைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எல்லாம் அப்படியே இருந்து ஆள் மட்டும் இல்லையென்றால் கவலை பல மடங்கு. இதை விசாரணை அதிகாரியிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். பொருட்களைக் கலைக்காமல், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நர்ஸம்மாவுக்குத் தகவல் போவதில் இன்னொரு பயனும் உண்டு. 2017 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் எட்டு மாதக் கர்ப்பிணியான 22 வயதுப் பழங்குடிப் பெண் காணாமல் போனார். ஊரும் உறவும் திரண்டு தேடின. ஐந்தாம் நாள் குழந்தை மட்டும் உயிரோடு கிடைத்தது, அதே கட்டடத்தின் மாடி வீட்டில்; அந்த வீட்டைப் போலீஸ் அதற்கு முன்பே சோதனை போட்டிருந்தது. 27-ம் தேதி ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. மாடி வீட்டுப் பெண் தான் கர்ப்பமாக இருப்பதாக நடித்து வந்தவர். பரிசோதனைக்கே வராத வீட்டில் திடீரென்று பச்சைக் குழந்தை அழுதால், நம் ஊரில் முதலில் கேள்வி கேட்கக்கூடியவர் வீடு வீடாகப் போகும் நர்ஸம்மாதான். இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அதைக் கூப்பிடாத நமக்குத்தான் பூஜ்ஜியம்.

ஆஸ்பத்திரிகளில் நேராகப் பிரசவ வார்டுக்கு ஓடாதீர்கள். மயங்கி விழுந்து 108-ல் வந்தவர், பெயர் சொல்ல முடியாத நிலையில் வந்தவர் எல்லாம் அவசரப் பிரிவின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில்தான் முதலில் பதிவாவார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும், எஃப்.ஐ.ஆர். நகலோடு போனால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ரயிலில் ஏறியிருக்கலாம் என்றால் 139, ரயில்வே போலீசுக்கு 1512. டவுன் பஸ் என்றால் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டில் பெயர் இருக்காது. தடம் எண்ணும் நேரமும் தெரிந்தால் டிப்போவில் நடத்துநரைப் பிடிக்கலாம்.

போனைப் பொறுத்தவரை இரண்டு காரியம் செய்யவே கூடாது. அவர் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினால் அவர் கையில் உள்ள சிம் செத்துவிடும். அவரே கூப்பிட நினைத்தாலும் முடியாது. திருட்டுப் போன் என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கினாலும் அதே கதி. போன் வந்த பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போலீசிடம் கொடுத்துவிட்டு அதோடு விடுங்கள்.

கடை சி.சி.டி.வி.யில் நேரம் முக்கியம், இரண்டு அர்த்தத்தில். காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியின் வட்டு நிரம்பியதும் பழையது தானாக அழிந்துவிடும், ஆகவே முதல் நாளே கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும். அடுத்தது, பல கடைகளில் டி.வி.ஆர். கடிகாரமே தப்பாக ஓடும். திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைத்தால் வித்தியாசம் கணக்கில் வந்துவிடும். இதைச் செய்யாமல் 'நாலு மணி காட்சியில் ஆளே இல்லை' என்று ஒரு தெருவையே கைவிட்டுவிடுவார்கள். திரையைப் போனில் படம்பிடித்தது கோர்ட்டில் நிற்காது. மூலப் பதிவைச் சான்றிதழோடு எடுப்பது போலீஸ் வேலை.

வாட்ஸ்அப் போஸ்டர். குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தாலும், சரியாகச் செய்தால் இது வேலை செய்யும். எழுத வேண்டியவை: பெயர், வயது, உயரம், உடுத்தியிருந்தது, கடைசியாகப் பார்த்த இடம், தேதி (வருடத்தோடு), எஃப்.ஐ.ஆர். எண், ஸ்டேஷன் போன் எண். எழுதக் கூடாதவை: வீட்டு முகவரி, வீட்டார் போன் எண், நோய் விவரம், குடும்பச் சண்டை. வீட்டு எண்ணைப் போட்டால் 'பொண்ணு எங்கிட்ட இருக்கு, ஜிபே பண்ணு' என்று மிரட்டும் அழைப்புகள் வரும். 'மாலை முதல்' என்று தேதியில்லாமல் போட்டால், ஆள் வீடு வந்து குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும் போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கும். பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அதனால் வந்ததையே தள்ளாமல், படத்தைச் சேமித்துப் புதிதாகப் பதிவிட வேண்டும். மாநிலம் முழுக்கப் பத்து லட்சம் பேருக்குப் போவதைவிட, அந்தத் தடத்துப் பஸ் ஊழியர், ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக் கடை, ஸ்கேன் சென்டர் குரூப்புகளுக்குப் போவது மேல். இப்போது ஓடும் விதத்தில் 5-க்கு 2.

ஊர்த் தேடலுக்குத் திரளும் கூட்டத்தை ஒருவர் கையில் ஒப்படையுங்கள். ஒரு நோட்டு, இருவர் இருவராக அணி, எந்தக் கண்மாய்க் கரை எத்தனை மணிக்குப் பார்த்தது என்று ஒரு வரி. கிணற்றில் இறங்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். எதைக் கண்டாலும் தொடாமல் நின்ற இடத்தில் நிற்பதுதான் உதவி.

கடைசியாக 181. மகளிர் உதவி எண், 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். இதைப் பற்றி வீட்டார் சொல்லும் குறையே இதன் சிறப்பு: 'எங்க பொண்ணு அங்க இருக்காளான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க.' அடி தாங்காமல் கிளம்பிய பெண்ணுக்கு ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடம் தருவார்கள், பிறகு விடுதிக்கு அனுப்புவார்கள். 18 வயது முடிந்தவர் எங்கே இருப்பது என்பது அவர் முடிவு. போலீஸ் கண்டுபிடித்தாலும் அவர் விரும்பவில்லை என்றால் முகவரியைக் கணவரிடம் கொடுக்கக் கூடாது. 'நலமாக இருக்கிறார், வர விருப்பமில்லை' என்ற பதிலை வீட்டார் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவரை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடிப்படை இருந்தால் மட்டும் ஆளை நேரில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு, உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் அங்கே போனால் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஆள் கிடைத்ததும் குரூப்பில் போட்ட படத்தை எல்லாருக்குமாக நீக்கிவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்த வசதிக்குக் காலக் கெடு உண்டு, மற்றவர் சேமித்ததும் போகாது. அதே போஸ்டரின் மேல் 'கிடைத்துவிட்டார், பகிர வேண்டாம்' என்று தேதியோடு எழுதி, முகத்தை மறைத்து, முதலில் போட்ட எல்லாக் குரூப்பிலும் போடுங்கள்.