பழத்தைப் பார்த்துத் தயிரை எடுங்கள்: வீட்டுத் தயிர், டபுள் கிரீம், அமாசி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காலைக்குப் பழத் தயிர்க் கிண்ணம் செய்ய மூன்று தயிர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வீட்டில் உறை ஊற்றியது, கடையில் டப்பாவில் வரும் டபுள் கிரீம், பிளாஸ்டிக் குடுவையில் விற்கும் அமாசி. மூன்றும் புளித்த பால்தானே என்று கிடைத்ததை ஊற்றிக் கலந்தால் ஒரு நாள் அமிர்தமாக இருக்கும், மறுநாள் தண்ணீராக ஓடும், இன்னொரு நாள் கசக்கும். காரணம் பெரும்பாலும் பழம்தான். கூடையில் இருக்கும் பழத்தை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகும் தயிரை எடுக்க வேண்டும்.

ஒருவருக்கு 180 கிராம் தயிர், 120 கிராம் பழம் என்பது நல்ல கணக்கு. பழம் தயிரைவிடக் கூடினால் சாறு அடியில் தேங்கிவிடும்.

வீட்டுத் தயிர்

கொழுப்பு எடுக்காத பால் 1 லிட்டர். அடிப்பிடிக்காமல் கிளறி 85 டிகிரிக்குக் கொண்டுவந்து, சிறு தீயில் 10 நிமிடம் வைத்திருங்கள். பொங்கியதும் இறக்கிவிடுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் பாலிலுள்ள மோர்ப்புரதம் உருமாறி, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும்; தயிர் கத்தியால் வெட்டும்படி உறைவது அதனால்தான். பிறகு 43 டிகிரிக்கு ஆற விடுங்கள். வெப்பமானி இல்லையென்றால், சுத்தமான சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணும்வரை தாங்க முடிந்தால் போதும். ஒரு மேசைக்கரண்டி உறைதயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றி, மூடி, அசைக்காமல் வையுங்கள். ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் 5 மணி நேரம் போதும். ஜூலைக் குளிர் இரவில் 9, 10 மணி நேரம்கூட ஆகலாம். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றியோ, வொண்டர்பேக் (சூடு காக்கும் மெத்தைப் பை) இருந்தால் அதற்குள்ளோ வைத்தால் சூடு நிற்கும்.

உறை அதிகமானால் சீக்கிரம் புளித்துத் திரிதிரியாகும். பால் சூடாக இருக்கும்போது ஊற்றினால் கிருமிகள் செத்துவிடும். ரொம்ப ஆறியபின் ஊற்றினால் தயிர் நூல்போல இழுக்கும். உறைக்குச் சுவையூட்டிய டப்பாத் தயிர் வேண்டாம். சாதா தயிர், அதுவும் உயிருள்ள கிருமி இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பது வேண்டும்.

கிண்ணத்துக்கு இதை அப்படியே போடாதீர்கள். மல் துணியில் கட்டி, சல்லடையில் வைத்து, குளிர்பெட்டியில் 2 மணி நேரம் வடிய விடுங்கள். 500 கிராமுக்கு ஏறக்குறைய 300 கிராம் கெட்டித் தயிர் நிற்கும். எங்கள் கணிப்பில் அன்றாடத்துக்கு முதலிடம் இதற்குத்தான். புளிப்பு உங்கள் கையில் இருக்கிறது, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

டபுள் கிரீம்

வடிக்க வேண்டிய வேலை இல்லை. கொழுப்பு கூடுதலாக இருப்பதால் புளிப்பு அடங்கியிருக்கும். கிரனடில்லா (பாஷன் பழம்), இன்னும் முழுதாகப் பழுக்காத மாம்பழம் போன்ற புளிப்புப் பழங்களை இது அழகாகத் தாங்கும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டால் இரண்டும் சேர்ந்து திகட்டும்.

வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். டபுள் கிரீம் ஆனாலும் கொழுப்பு குறைத்தது ஆனாலும், சில தயிர்களில் கெட்டிக்காக மாவுச்சத்தோ ஜெலட்டினோ சேர்த்திருப்பார்கள். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருக்கும் வீட்டில், காலைத் தயிரிலேயே அது நுழைந்துவிடக் கூடாது. சேர்மானப் பட்டியலில் பாலும் கிருமியும் மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

அமாசி

சூலு மக்கள் புத்து என்ற உதிரியான மக்காச்சோளக் களியோடு சாப்பிடும் இந்தப் புளித்த பாலை நம் வீடுகள் இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை என்பது எங்கள் வருத்தம். தயிர்க் கிருமிகள் 40 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அமாசியின் கிருமிகள் அறைச்சூட்டிலேயே வேலை செய்யும். அதனால் மணமே வேறு, வெண்ணெய் வாடை சேர்ந்த இதமான புளிப்பு. விலையும் டபுள் கிரீமைவிட நன்றாகவே குறைவு.

சிக்கல் ஒன்றுதான்: ஊற்றினால் ஓடும். குடுவையைக் குலுக்காமல் நிறுத்திவைத்தால் கட்டி வேறு, தண்ணீர் வேறாகப் பிரியும். அதை மல் துணியில் ஊற்றி, குளிர்பெட்டியில் 4 மணி நேரம் வடித்தால் கரண்டியில் நிற்கும் பதம் வரும். லேசாகத் திரிதிரியாக இருக்கும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு முட்கரண்டியால் அடித்தால் வழுவழுப்பாகிவிடும். வாழைப்பழத்துக்கும் பழுத்த மாம்பழத்துக்கும் இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. இனிப்புப் பழத்தின் மேல் அந்தப் புளிப்பு படும்போது சர்க்கரையே தேவைப்படாது.

அன்னாசிதான் பிரச்சினை

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள சுலுசுலுவேயிலிருந்து வரும் குயின் அன்னாசி சின்னது, மஞ்சள் சதை, தேன் போல இனிக்கும். தெருவில் மிளகாய்த்தூள் தூவி விற்பார்களே, அதுதான். பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவதே அதன் வேலை. இரவே தயிரோடு கலந்து வைத்தால் காலையில் கெட்டித்தன்மை போய், கசப்புத் துண்டுகளாக உடைந்த புரதம்தான் மிஞ்சும். ஜெலட்டின் சேர்த்த தயிரானால் இரட்டை அடி, ஏனென்றால் ஜெலட்டினும் புரதம்தான். மூன்று தயிரில் எது ஆனாலும் இதற்குத் தப்பாது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பச்சையாகவே வேண்டுமானால் மேலே தூவி உடனே சாப்பிடுவது. வேலைக்கு எடுத்துப் போவதானால் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். இரண்டு, 300 கிராம் துண்டுகளைத் தண்ணீர் விடாமல் வாணலியில் போட்டு, சாறு நன்றாகக் கொதித்துச் சுண்டும்வரை 6, 7 நிமிடம் வதக்கி முழுக்க ஆற விடுவது. சூட்டில் நொதி செயலிழந்துவிடும், பிறகு இரவே கலந்து வைக்கலாம். வதக்கும்போது ஒரு ஏலக்காயும் நுனிக்கரண்டி மிளகாய்த்தூளும் போட்டு, வடித்த வீட்டுத் தயிரோடு சேர்த்துப் பாருங்கள். பச்சை அன்னாசியின் மணம் குறையும், ஆனால் அந்தச் சேர்க்கை தனி ருசி.

பப்பாளியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு, பப்பைன். காயின் பாலில்தான் அது மிகுதி. தோல் முழுக்க மஞ்சளான பழத்தில் குறைந்துவிடும். செங்காயாக இருப்பதைத் தயிரில் போடாதீர்கள். பழுத்ததையும் இரவே கலக்க வேண்டாம், காலையில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் போதும்.

மற்றவை சுலபம். மாம்பழத்தில் கென்ட், கீட் இரண்டிலும் நார் குறைவு. தோல் பச்சையாகவே இருந்தாலும் உள்ளே பழுத்திருக்கும், நிறத்தை நம்பாமல் காம்புப் பக்கம் அழுத்தி முகர்ந்து பாருங்கள். டாமி அட்கின்ஸ் நாராக இருந்தாலும் துண்டு குலையாமல் நிற்கும். கிரனடில்லாவில் தோல் சுருங்கியதுதான் இனிப்பு, வழவழவென்று இருப்பது புளிக்கும். டிசம்பர் லிச்சியைக் கொட்டை நீக்கித் துணியில் ஒற்றிப் போடாவிட்டால் அதன் சாறே தயிரை இளக்கிவிடும். குளிர்காலத்தில் கொய்யா வரும். விதை உறுத்தினால் நடுச்சதையை மட்டும் சல்லடையில் தேய்த்து எடுத்து அமாசியில் சுழற்றி விடுங்கள். வாழைப்பழத்தைக் கடைசியில் நறுக்கி, கிரனடில்லா சாற்றில் புரட்டினால் சீக்கிரம் கறுக்காது.

மியூஸ்லியோ (ஓட்ஸும் உலர்பழமும் கலந்தது) வறுத்த வேர்க்கடலையோ இரண்டு மேசைக்கரண்டி, சாப்பிட உட்காரும்போது. முன்பே போட்டால் ஊறிவிடும். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ரொட்டி மாவு பிசைய அது போதும், ரொட்டி மிருதுவாக வரும்.