மின்சாரம் இல்லாத குடிலில் வெந்நீர்: சுவர்ப்பெட்டியா, கைப்பெட்டியா, அடுப்பும் அண்டாவுமா?

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் பூலாவின் மலைச்சரிவில் என் மைத்துனர் குத்தகைக்கு எடுத்திருக்கும் டுரியான் தோட்டத்துக் குடிலுக்குத் தெனாகா நேஷனலின் மின்கம்பி இன்னும் வந்து சேரவில்லை. விளக்குக்கும் கைப்பேசிக்கும் கூரைமேல் இருக்கும் ஒரு சூரியத் தகடு போதும்; வெந்நீருக்கு அது போதாது. இந்த வெயில் நாட்டில் வெந்நீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழம் விழும் பருவத்தில் இரவு முழுவதும் குடிலில் தங்கி, விடியும் முன் சரிவில் இறங்கிப் பழம் பொறுக்கிவிட்டு, மலையோடையிலிருந்து குழாய்வழி வரும் நீரை உடம்பில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. எங்கள் வீட்டில் அதற்கு மேலும் இரண்டு காரணங்கள் இருந்தன. மூட்டுவலியுள்ள என் அம்மாவுக்கு வயது 74. தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவரும் வருவார். பிள்ளைகளோ பள்ளி விடுமுறை வந்தால் கேமரன் மலையில் கூடாரம் அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார்கள்.

ஈராண்டுக்கு முன் பல வழிகளையும் எடைபோட்டுப் பார்த்து, சுவரில் மாட்டும் புரோப்பேன் சூடேற்றி ஒன்றை வாங்கினோம். அதில் எனக்கு முழு நிறைவு என்பதால் இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்; ஆனால் அது எல்லோருக்கும் ஏற்றதென்று நான் சொல்லப்போவதில்லை, அதற்கான காரணம் விலையோ சூடோ இல்லை, பராமரிப்பு.

முதலில், நாங்கள் விரைவாகக் கழித்துவிட்ட இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் கிடத்தும் 20 லிட்டர் கறுப்புப் பை மலிவானது, பிற்பகல் குளியலுக்கு நன்றாகவே உதவும். எங்களுக்கு வெந்நீர் வேண்டியதோ விடியற்காலையில். கேமரன் மலையில் மேகமும் பிற்பகல் மழையும் பகலையே விழுங்கிவிடும். மற்றொன்று, கையில் தூக்கிச் செல்லும் மின்கலப் பெட்டியோடு ஒரு மின் கெண்டி. 20 லிட்டர் நீரை 24 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 0.37 கிலோவாட் மணி வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 1 கிலோவாட் மணிப் பெட்டி இரண்டு குளியலுக்குத்தான் தாங்கும். தனியாகப் பயணம் செய்பவருக்கு அது சரியாக வரலாம். ஐந்து பேர் குளிக்க வேண்டிய குடும்பம் மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்க நேரிடும்.

அடுப்பும் அண்டாவும் அப்படித் தள்ளிவிடக்கூடியவை அல்ல. கணக்கு இதுதான்: கொதிக்கும் நீர் 5 லிட்டரை 24 பாகை நீர் 15 லிட்டரோடு கலந்தால், 20 லிட்டர் வாளி ஒன்று 43 பாகையில் கிடைக்கும், குளிக்க அதுவே சற்றுக் கூடுதல் சூடு. அந்த 5 லிட்டரைச் சாதாரண எரிவாயு அடுப்பில் கொதிக்கவைக்கக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் ஆகும். அடுப்பின் வெப்பத்தில் பாதி பக்கவாட்டில் போய்விடுவதாகக் கொண்டாலும் எரிவாயு 70 கிராமைத் தாண்டாது. கெட்டுப்போக ஒரு பொருளும் இல்லை, கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு இடித்த இடம் வேறு. ஐந்து பேருக்கு ஐந்து முறை கொதிக்கவைக்க ஒன்றரை மணி நேரம் யாரேனும் அடுப்படியில் நிற்க வேண்டும், கொதிக்கும் அண்டாவை வழுக்கும் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு இறங்க வேண்டும். ஒருமுறை மைத்துனரின் மனைவி அப்படித் தூக்கிவரும்போது கால் வழுக்கி, நல்லவேளையாகப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவுதான் சூடேற்றி வாங்குவதென்று முடிவானது.

புரோப்பேன் சூடேற்றிகளில் இரண்டு வகை. கைப்பெட்டி வகையில் பம்பும், மின்னேற்றம் செய்யும் லித்தியம் மின்கலமும் உள்ளேயே இருக்கும்; ஒரு வாளி நீரில் குழாயைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் வெந்நீர் வரும். கூடாரத்தில் தங்குபவர்களுக்கு இதைவிட எளிதானது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் தயங்கியதற்குக் காரணம் எரிபொருள். இவற்றில் பல, அமெரிக்காவில் கடைதோறும் விற்கும் அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவான புரோப்பேன் புட்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ் டவுனிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தப் புட்டி கிடைக்கவில்லை. நம் ஊர் மளிகைக்கடைகளில் கிடைப்பது பியூட்டேன் புட்டி, மேசையடுப்புக்கு அது போதும். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ சுழி பாகை, புரோப்பேனுடையது கழித்தல் 42 பாகை. சூடேற்றி அடுப்பைவிடப் பன்மடங்கு வேகமாக எரிவாயுவை உறிஞ்சும். அந்த வேகத்தில் சிறு பியூட்டேன் புட்டி தானே குளிர்ந்து, உள்ளழுத்தம் இறங்கி, பாதிக் குளியலில் சுடர் சோர்ந்துவிடும். மலைக்குளிரில் அது இன்னும் விரைவாக நடக்கும். நண்பர் ஒருவரின் கைப்பெட்டியை ஒரே ஒரு வார இறுதியில் பயன்படுத்தியதுதான் என் நேரடி அனுபவம் என்பதால், அதன் ஆயுளைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சுவர்ப்பெட்டி வகையில் பம்பு இல்லை. நீர் தன் அழுத்தத்தோடு உள்ளே வர வேண்டும். அந்த அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ள, சவ்வு எரிவாயு வழியைத் திறக்க, இரண்டு தடித்த உலர் மின்கலங்கள் பொறியை உண்டாக்கிப் பற்றவைக்கும். எங்கள் பெட்டிக்கு 0.25 பார் அழுத்தம் போதும், அதாவது நீர்த்தொட்டி இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். எங்கள் தொட்டி குடிலைவிட ஏறத்தாழ 6 மீட்டர் மேலே இருப்பதால், குழாய் உராய்வு போகவும் மிச்சம் இருக்கிறது. எரிபொருளுக்கு வீட்டில் சமையலுக்கு வாங்கும் அதே 14 கிலோ எரிவாயுத் தோம்பு. நம் தோம்பில் இருப்பது தனிப் புரோப்பேன் இல்லை, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. பியூட்டேன் கலந்த வாயு எரிப்பானின் அதே துளையில் சற்றுக் கூடுதல் வெப்பம் தரும் என்பதால், அட்டையில் எல்பிஜி, வாயு அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருந்த பெட்டியையே தேடி வாங்கினேன்.

ரெகுலேட்டரில்தான் முதல் தவறு நேர இருந்தது. கடையில் எனக்கு எடுத்துக் கொடுத்தது, சாலையோரக் கடைகளின் பெரிய அடுப்புக்குப் பொருத்தும் உயர் அழுத்த ரெகுலேட்டர். அதை மாட்டியிருந்தால் சுடர் பெட்டிக்கு வெளியே வந்திருக்கும். வீட்டு அடுப்புக்கு உரிய தாழ்வழுத்த ரெகுலேட்டர்தான் இதற்குப் பொருந்தும். வாங்குபவர்கள் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும்.

செலவைக் கணக்கிடுவது எளிது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வகைப் பெட்டிகளில் மணிக்கு 37,500 பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) என்று எழுதியிருந்தால் அது ஏறத்தாழ 11 கிலோவாட். முழுச் சுடரில் மணிக்கு 860 கிராம் எரிவாயு போகும். பாதிச் சுடரில் பத்து நிமிடக் குளியலுக்கு 70 கிராம், அண்டாவுக்கு ஆனதற்குச் சமம். மானிய விலையில் கிலோ 1.90 ரிங்கிட் என்பதால் குளியல் ஒன்றுக்கு 14 சென் அளவுதான் வருகிறது. தோட்டம்வரை தோம்பைச் சுமந்துவரும் கூலி அதைவிட அதிகம்.

வெப்பநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குளிர்நாட்டில் 8 பாகையில் வரும் நீரைச் சூடேற்ற வடிவமைத்த கருவிக்கு நாம் 24 பாகை நீரைக் கொடுக்கிறோம். முழுச் சுடரில் நிமிடத்துக்கு 4 லிட்டர் மட்டும் ஓடினால் வெளியே வரும் நீர் 55 பாகையை எட்டும், அது தோலைச் சுட்டுவிடும். வாயுக் குமிழைக் கடைசிவரை குறைத்து, நீர்க் குமிழை முழுவதும் திறந்து வைப்பதே எங்கள் நடைமுறை. அப்படியும் அம்மா குளிக்கும்போது வாளியில் பிடித்துத் தண்ணீர் கலந்துதான் கொடுக்கிறோம். பெரியதாக இருக்கட்டும் என்று 10 லிட்டர் வகையை வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தாழ்நிலத்துக்குச் சிறிய பெட்டியே தக்கது.

இனிப் பராமரிப்புக்கு வருகிறேன். இந்தப் பெட்டியோடு வரும் கையேடு, பயன்படுத்திய பின் உள்ளிருக்கும் நீரை வடித்துவிடச் சொல்கிறது; காரணமாக உறைபனியைக் காட்டுகிறது. பாலிக் பூலாவில் உறைபனி ஏது என்று நாங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். முதல் ஆண்டு மழைக்காலத்தில் நான்கு மாதம் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தபோது நீர் ஓடியது, பொறி தட்டவில்லை. நுழைவாயில் வலையில் ஓடை மணலும் இலைத்தூளும் இறுகியிருந்தன, தேங்கிய நீரில் ரப்பர் சவ்வு வழுவழுவென்று பாசி பூத்துக் கிடந்தது, உலர் மின்கலம் கசிந்து அதன் பித்தளை நாக்கைப் பச்சையாக அரித்திருந்தது. இவற்றை எல்லாம் சுத்தம் செய்து மின்கலம் மாற்றிய பிறகு பற்றியது, ஆனால் டப்பென்று ஓசையோடு பற்றி, மஞ்சளாக எரிந்தது.

மஞ்சள் சுடரை அலட்சியம் செய்யக் கூடாது. காற்று போதாமல் எரிவதன் அடையாளம் அது. அப்படி எரியும்போது கரி படியும், கார்பன் மோனாக்சைடு பெருகும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உடனே தோம்பை மூடி, பெட்டியின் முன்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். எரிப்பானுக்குக் காற்று போகும் வாய்களில் இரண்டைக் குளவி மண் குழைத்து அடைத்துக் கூடு கட்டியிருந்தது. வீட்டில் குளவிக்கூடு கண்டால் கலைக்கத் தயங்குபவர் அம்மா, அன்று அவரே கலைக்கச் சொன்னார். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டி எடுத்து, மறுபடி பற்றவைத்த பின் சுடர் நீலமானது. துளைகளில் ஊசியோ கம்பியோ விடக்கூடாது, துளை அகன்றுவிட்டால் சுடரின் அளவே மாறிவிடும்.

அன்று முதல் குடிலைவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குகிறோம். தோம்பை மூடி, நீரை நிறுத்தி, அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி நீரை முழுவதும் இறக்குகிறோம். நுழைவாயில் வலையைக் கழுவி, மின்கலங்களை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியைக் கொசுவலைத் துணியால் இறுகச் சுற்றி வைக்கிறோம். திரும்பி வந்ததும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்கிறோம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் சரிவின் தாழ்வான இடத்தில் தேங்கும், ஆகவே தோம்பைப் பள்ளத்திலோ குடிலின் அடித்தளத்திலோ வைப்பதில்லை. எங்களுக்கு ஒரு நன்மை, பினாங்குத் தீவு கருங்கல் நிலம். ஓடை நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு, நீர் சூடாகும் செப்புச் சுருளில் உப்பு படியவில்லை. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் ஊற்றுநீரைப் பயன்படுத்துபவர்கள் சுருளை அவ்வப்போது வினிகர் விட்டு அலச வேண்டியிருக்கும்.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும், அதுவும் உயிர் பற்றியதுதான். குளியலறைக்குள் மாட்டக் கூடாது, கூடாரத்துக்குள்ளோ தார்ப்பாய் மூடிய மறைப்புக்குள்ளோ எரியவிடக் கூடாது. எங்கள் பெட்டி குடிலின் வெளிச்சுவரில், மழை படாதவாறு நீண்ட கூரைச் சரிவின் கீழே, மூன்று பக்கமும் திறந்த இடத்தில் தொங்குகிறது. வெந்நீர் மட்டும் குழாய்வழி உள்ளே வருகிறது.

கேமரன் மலைக்கு இதையே கழற்றிக் கொண்டுபோகிறோம். அங்கே தொட்டி உயரம் கிடைக்காததால் காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறு பம்பு வேண்டும். அந்தப் பம்பு விட்டுவிட்டுத் தள்ளினால் சுடரும் விட்டுவிட்டு எரியும், நீர் ஒரு கணம் சுடும், மறுகணம் குளிரும். ஷவரின் கைப்பிடியைப் பாதி மூடாமல் முழுவதும் திறந்து வைத்தால் இது பெருமளவு அடங்குகிறது. கூடாரப் பயணத்தில் மூன்று முறைதான் இப்படிச் செய்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பொருத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கூடாரத்துக்காக மட்டுமே வாங்குபவராக நான் இருந்திருந்தால், எரிபொருள் சிக்கலைத் தீர்க்க வழி கண்டு, கைப்பெட்டியை மறுபடி எண்ணிப் பார்த்திருப்பேன்.

மாதம் ஒருமுறைகூடப் போக முடியாத தோட்டம் உடையவர்களுக்கும், கிளம்பும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க மாட்டோம் என்று தங்களை அறிந்தவர்களுக்கும் நான் அடுப்பையும் அண்டாவையுமே சொல்வேன்; கொதிநீரைச் சுமக்காமல் இருக்க, அடுப்பைக் குளியலறை வாசலுக்கு அருகிலேயே திறந்த இடத்தில் அமைத்துக்கொண்டால் போதும். எங்கள் மைத்துனர் இப்போது வாரந்தோறும் போகிறவர், அவர் கையில் பெட்டி நன்றாக இருக்கிறது. இந்தப் பருவம் தொடங்கும் முன் ரப்பர் சவ்வை மாற்றிவிடலாம் என்று புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பழையது இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் மடிப்பு விழத் தொடங்கியிருக்கிறது.