தண்டோராவும் வாசல் காவலும்: இரண்டு இன்டர்ஃபெரான்கள்

வைரஸ் புகுந்த செல் தான் பிழைப்பது அரிது. ஆனாலும் அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரித்துவிடுகிறது. அந்த எச்சரிக்கைப் புரதத்துக்கு 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள்.

ஆல்ஃபா, பீட்டா வகைகள் தண்டோரா போல. உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அவற்றுக்கான ஏற்பி, அதாவது அவற்றைப் பற்றிக்கொண்டு செய்தியைச் செல்லுக்குள் அனுப்பும் புரதம், உண்டு. வேகமும் வலுவும் அதிகம்; அதற்கு விலையும் உண்டு. ஃப்ளூவில் படுத்தவரை வாட்டும் காய்ச்சலும் உடல்வலியும் வைரஸின் வேலை மட்டும் அல்ல, இந்தத் தண்டோராவின் சத்தமும்தான். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் ஒரு காலத்தில் 24 முதல் 48 வாரம் வரை ஆல்ஃபா ஊசி போட்டுக்கொண்டார்கள். பலர் காய்ச்சலோடு மனச்சோர்வையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

2003இல் அறிவிக்கப்பட்ட லாம்டா வகை இன்டர்ஃபெரானுக்கு வேறு சுபாவம். அதன் ஏற்பி முக்கியமாக நுரையீரல், குடல் போன்றவற்றின் மேற்பரப்புச் செல்களில்தான் இருக்கிறது. செல்லுக்குள் தண்டோரா வகையும் லாம்டாவும் தட்டி எழுப்புவது ஏறக்குறைய அதே நூற்றுக்கணக்கான வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை. ஆனால் லாம்டா வாசலிலேயே வேலையை முடிக்கப் பார்க்கிறது, அழற்சி குறைவு. 2023இல் வெளியான ஒரு கோவிட் ஆய்வில், ஒரே ஒரு லாம்டா ஊசி மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது.

சாது என்று நம்பிவிடவும் வேண்டாம். எலிகளில், நெடுநாள் நீடித்த லாம்டா நுரையீரல் புண் ஆறுவதைத் தடுத்திருக்கிறது. வைரஸ் வாசலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டாலோ, என் ஓட்டு தண்டோராவுக்கே.