கடல் ஆய்வுக்குப் பணம்: தனித் திட்டமா, நன்கொடைத் திட்டமா, கூட்டு நிதியா?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளிலிருந்து வந்து பாலாற்று வண்டலில் தங்கியிருக்கும் குரோமியம் அங்கேயே இருந்துவிடாது. வெள்ளம் வரும் வருடங்களில் வண்டலோடு சேர்ந்து வயலூர் முகத்துவாரம் வரை போகும். வேலூர் மாவட்ட ஆய்வகங்கள் வங்கக்கடல் ஆய்வுக்கு நிதி கேட்பதற்குக் காரணம் இதுதான். கேட்க மூன்று வழி உண்டு: மத்திய அரசின் மூன்றாண்டுத் தனித் திட்டம், வெளிநாட்டு நன்கொடையில் நடக்கும் வட்டாரத் திட்டம், கடலைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளே பணம் போட்டு நடத்தும் கூட்டு நிதி. எங்கள் குழு கூட்டு நிதியின் பக்கம். வங்கக்கடலுக்கு அதன் முழு வடிவம் இன்னும் வரவில்லை என்பதால், பல நிறுவனங்கள் சேர்ந்து போடும் விண்ணப்பங்களில் அந்த முறையையே கேட்டு வாங்குகிறோம்.

தனித் திட்டத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: கேள்வி நம்முடையது, யாரையும் கேட்க வேண்டாம், விண்ணப்பமும் சின்னது. நன்கொடைத் திட்டத்தில் பெரிய தொகை வரும், எட்டு நாட்டுக்காரர்கள் ஒரே மேசையில் உட்காருவார்கள். இவற்றின் வசதிகளைப் பற்றி இதற்கு மேல் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களைப் பொறுத்தவரை முடிவு ஒரே கேள்வியில் இருக்கிறது: பணம் நின்ற பிறகு கருவியையும் தரவையும் யார் பார்த்துக்கொள்வது?

தனித் திட்டத்தின் மூன்று வருடம் எப்படிப் போகிறது பாருங்கள். ஆராய்ச்சி மாணவரை எடுத்து, டெண்டர் விட்டு, சுங்கத்திலிருந்து கருவியை மீட்பதற்குள் முதல் வருடம் கரைந்துவிடும். கடைசி வருடத்தின் பாதி பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கும் இறுதி அறிக்கைக்கும். நடுவில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ வடகிழக்குப் பருவமழை. அவற்றில் பாலாற்றில் வெள்ளம் வரவில்லை என்றால் கேட்ட கேள்விக்கே பதில் இல்லை. மீன், நீர், வண்டல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து நடத்தும் சூழலமைப்பு சார்ந்த மேலாண்மைக்குப் பத்து வருடத் தொடர் வேண்டும். மூன்று வருடத் துண்டுகளை ஒட்டினால் அது கிடைக்காது, ஏனென்றால் ஒவ்வொரு துண்டிலும் அளந்த முறை வேறு.

குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். சுத்தமான கடல்நீரில் அது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. உப்போ லிட்டருக்கு 35 கிராம். உலோகங்களை நிறை எண்ணால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் உப்பின் குளோரின், ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் சேர்ந்து குரோமியத்தின் அதே நிறை எண் 52-இல் வந்து நிற்கும். அந்தப் போலிக் கூட்டை விலக்கும் ஹீலியம் மோதல் அறையைத் திறக்காமல் ஓட்டினால், தோல் தொழிற்சாலையே இல்லாத கடற்கரையிலும் குரோமியம் இருப்பதாகக் காட்டும். மாதிரி எடுப்பதிலும் இதே கதை. கரைந்த உலோகத்தின் மொத்த அளவுக்கு 0.45 மைக்ரானில் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே இறக்க வேண்டும். நச்சு அதிகமான அறுமதிப்புக் குரோமியத்துக்கு அமிலமே கூடாது, விட்டால் அது நச்சு குறைந்த மும்மதிப்பாக மாறிவிடும். தனி பாட்டிலில், 4 டிகிரியில், 24 மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். வயலூரிலிருந்து வேலூருக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுவர நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஒரே பாட்டிலை இரண்டுக்கும் பயன்படுத்திய தரவை எந்தக் கணக்கு போட்டும் காப்பாற்ற முடியாது.

உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுக் கடல்நீரை ஒவ்வொரு ஓட்டத்திலும் வைப்பதும், ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சரிபார்ப்பதும்தான் இதற்கு மருந்து. இரண்டுக்கும் செலவு உண்டு. தனித் திட்டத்தில் இதற்கென்று ஒரு செலவுத் தலைப்பே கிடையாது. கடல்நீரின் உப்பையும் வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் சிடிடி கருவியை வருடம் ஒருமுறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் செலவுக்கும் இதே நிலைதான். கருவி விலையில் வருடத்துக்குத் தோராயமாக 5 சதவீதம் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் (ஏஎம்சி), உதிரி பாகம் சேர்த்தால் 10 வரைக்கும் போகும். நான்காவது வருடம் அதைக் கட்டும் பொறுப்பு யாருடையதும் அல்ல.

நன்கொடைத் திட்டத்தில் இதே ஓட்டை இன்னும் பெரியது. எட்டு நாடுகள் சேர்ந்த வங்கக்கடல் பெருங்கடற்சூழல் திட்டத்தின் முதல் கட்டம் 2009-இல் தொடங்கி 2015-இல் முடிந்தது. செயல்திட்டம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார்கள், அது நல்ல வேலை. அடுத்த கட்டம் களத்துக்கு வரப் பல வருடங்கள் பிடித்தன. மீன்களும் வண்டலும் அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கவில்லை.

வட ஐரோப்பாவின் பால்டிக் கடல்காரர்கள் வேறு மாதிரி செய்தார்கள். 1974-இல் போட்டு 1992-இல் புதுப்பித்த ஹெல்சிங்கி உடன்படிக்கையின் கீழ் வழக்கமான கண்காணிப்பை நாடுகளே பொது வழிகாட்டி முறைப்படி செய்கின்றன. தரவு கோபன்ஹேகனில் உள்ள பன்னாட்டுக் கடல் ஆய்வு மன்றத்தின் தரவு மையத்துக்குப் போகிறது. அதற்கு மேல், ஆய்வுக்கென்று ‘போனஸ்’ (BONUS) என்ற பெயரில் ஒரு கூட்டு நிதி: 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்து, எட்டு உறுப்பு நாடுகளும் ஒன்றியமும் சரிபாதியாக, 10 கோடி யூரோ வரை. செயலகம் ஹெல்சிங்கியில். முதலில் பயனாளர்களோடு பேசி ஆய்வு நிரலை எழுதிவிட்டுத்தான் விண்ணப்பம் கேட்டார்கள். 2007-இன் பால்டிக் செயல்திட்டம் ஒவ்வொரு நாடும் கடலில் கலக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நாடுவாரியாக எண் கொடுத்தது. பக்கத்து நாட்டுக்காரர் நம் எண்ணை நம்பினால்தான் அப்படிப் பங்கு பிரிக்க முடியும். கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் பாலாற்று நீரைப் பேசும் மேசையிலும் இதே நம்பிக்கைதான் தேவைப்படுகிறது.

கூட்டு நிதிக்குக் குறை இல்லையா? இருக்கிறது. ஒரு நாடு பங்கைத் தாமதித்தால் எல்லோர் வேலையும் நிற்கும். போட்ட காசு நம் நாட்டு ஆய்வகத்துக்கே திரும்பி வர வேண்டும் என்ற அழுத்தம் தேர்வைக் கெடுக்கும். போனஸும் 2020-இல் முடிந்துவிட்டது. கண்காணிப்புக்குத் தனி ஏற்பாடு இருந்ததால்தான் தொடர் அறுபடவில்லை. வங்கக்கடலில் பாதிப் பணம் போட ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி ஒன்று கிடையாது. ஆழ்கடல் மிதவைகளைப் பராமரித்த அனுபவம் எங்களுக்கு இல்லை, அங்கே தேசிய நிறுவனம் தனியாகச் செய்வதே மலிவாக இருக்கலாம். நாங்கள் சொல்வது கரையோர நீருக்கும் வண்டலுக்கும்.

கூட்டு விண்ணப்பத்தில் சேரும் ஆய்வகங்கள் கையெழுத்துக்கு முன் மூன்று வரிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பீட்டு நீரும் ஆய்வகச் சரிபார்ப்பும் நுகர்பொருளில் கலக்காமல் தனித் தலைப்பாக இருக்கட்டும். திட்டம் முடிந்த பின் கருவியும் அதன் ஏஎம்சியும் எந்த நிறுவனத்தின் பெயரில் என்பது எழுத்தில் வரட்டும். தரவை எந்த மையத்தில், எத்தனை மாதத்துக்குள் சேர்ப்பது, சேர்க்காதவருக்கு அடுத்த தவணை உண்டா என்பதும் அப்படியே. மூன்றாவது வரிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.