டிபார்ட்மென்ட் கவுன்சலிங் சர்வீஸ்: 9 செஷன் போனதுக்கப்புறம் எழுதுறேன்

நான் போலீஸ் கண்ட்ரோல் ரூம்ல அவசர கால் எடுக்குற வேலை பாக்குறேன், 11 வருஷம் ஆச்சு. போன வருஷம் ஒரு அம்மா கால் பண்ணாங்க, குழந்தை தண்ணிக்குள்ள விழுந்துடுச்சுன்னு. வண்டி போய்ச் சேர்ற வரைக்கும், 14 நிமிஷம், நான் லைன்லயே இருந்தேன், குழந்தை பொழைக்கல. அதுக்கப்புறம் வீட்ல யாரோட போன் அடிச்சாலும் கை நடுங்கும், ராத்திரி தூக்கம் சுத்தமா போச்சு. ஆனா ஸ்பாட்டுக்குப் போனவங்களே மறுநாள் ட்யூட்டிக்கு வந்துட்டாங்க, போன்ல கேட்ட எனக்கு என்ன வந்துச்சுன்னு அஞ்சு மாசம் யார்கிட்டயும் வாயத் தொறக்கல.

எங்க டிபார்ட்மென்ட் வெளிய ஒரு சர்வீஸ்கிட்ட ஒப்பந்தம் போட்டிருக்கு, ஆளுக்கு 6 செஷன். அதுக்குப் போன அனுபவம்தான் இது.

முதல்ல எல்லாருக்கும் இருக்குற பயத்தப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா அதனாலதான் நான் அஞ்சு மாசத்தத் தொலைச்சேன். போனா ரெக்கார்டுல ஏறிடும், ப்ரமோஷன் போயிடும், துப்பாக்கிய வாங்கி வச்சுடுவாங்கன்னு பேசிக்குவாங்க இல்ல, அது ரெண்டு வேற வேற விஷயத்தப் போட்டுக் குழப்புறது. வேலைக்கு ஃபிட்டான்னு பாக்குற டெஸ்ட் டிபார்ட்மென்ட் கேட்டு நடக்குறது, அந்த ரிப்போர்ட் மேல போகும். கவுன்சலிங் நமக்காக நடக்குறது, நாம பேசுறது அங்கயே நிக்கும். நம்ம உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சாலோ, கோர்ட் கேட்டாலோ மட்டும்தான் வெளிய சொல்ல வேண்டி வரும்னு முதல் பத்து நிமிஷத்துலயே சொல்லி, எழுத்துலயும் குடுத்துட்டாங்க. டிபார்ட்மென்ட்டுக்குப் போறது எத்தனை பேர் வந்தாங்கங்கிற எண்ணிக்கை மட்டும்தான்.

முதல்ல குடுத்த கவுன்சலருக்கு எங்க வேலையப் பத்தி ஒண்ணும் தெரியல, "கஷ்டமா இருந்தா போனை வேற ஒருத்தர்கிட்ட மாத்தி விட்டிருக்கலாமே"ன்னாங்க. எனக்கு அங்கயே எந்திரிச்சு வந்துடலாம்னு இருந்துச்சு. ஆள மாத்திக் கேட்டேன், மறுப்பு சொல்லாம மாத்துனாங்க, அதுக்கு முழு மார்க்.

ரெண்டாவதா வந்தவங்க ஃபயர் சர்வீஸ், போலீஸ் ஆளுங்களோட நிறைய வேலை செஞ்சவங்க. போன்ல கேட்டதுக்கு இப்படி ஆகுமான்னு நான் கேட்டதுக்கு, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற, மனநலப் பிரச்சினைகள அடையாளம் காண டாக்டருங்க பாக்குற கைடுலயே வேலை காரணமா திரும்பத் திரும்பக் கொடூரமான விவரங்களுக்கு ஆளாகுறவங்களுக்கும் பிடிஎஸ்டி, அதாவது கொடூரமான சம்பவத்துக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பு, வரலாம்னு இருக்கு, உதாரணத்துல போலீஸ்காரங்களே இருக்காங்கன்னு சொன்னாங்க. அத கேட்டதும் அழுதுட்டேன். அப்புறம் அந்த 14 நிமிஷத்த நிமிஷம் நிமிஷமா எழுத வச்சாங்க. என் மனசுல நான் மூச்சு குடுக்கச் சொல்ல லேட் பண்ணிட்டேன்னே ஓடிட்டிருந்துச்சு, எழுதிப் பாத்தா, குழந்தைய வெளிய தூக்கிட்டேன்னு அவங்க சொன்ன அடுத்த வாக்கியமே என்னோடது, மூச்சு குடுக்கச் சொல்லித்தான். இந்த ஒரு செஷன் மட்டும் போதும் இந்த சர்வீஸுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்க.

ஆனா அங்க போய்ச் சேர்ற வழிக்கு ரெண்டு ஸ்டார்தான் குடுப்பேன். புக்கிங் லைன் 9 மணிலருந்து 5 மணி வரைக்கும்தான், நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க தூங்குற நேரம் அது. ரோஸ்டர் திடீர்னு மாறி ஒரு செஷனுக்குப் போக முடியல, அதையும் கணக்குல கழிச்சுட்டாங்க, ரோஸ்டர் என் கைல இல்லன்னு ரெண்டு தடவை எழுதி அத திரும்ப வாங்குனேன். அதவிட, ட்யூட்டி நேரத்துல போக பர்மிஷன் கேட்டப்ப, நாலு பேர் முன்னாடி "எதுக்கு?"ன்னு கேட்டுட்டாங்க. கவுன்சலர் நல்லவங்களா இருந்து என்ன, அந்த கேள்விக்கு பயந்தே பாதி பேர் வரமாட்டாங்க.

6 செஷனும் பத்தாது. ட்ராமாவுக்கான சிபிடிக்கு (நினைப்பையும் நடந்துக்குறதையும் மாத்த உதவுற பேச்சு சிகிச்சை), பிரிட்டன்ல எந்த சிகிச்சைய எப்படிக் குடுக்கணும்னு சொல்ற நைஸ் அமைப்போட 2018 வழிகாட்டுதலே பொதுவா 8லருந்து 12 செஷன்னு சொல்லுது. எனக்கு பழசக் கிளறி விட்ட நேரத்துல கோட்டா முடிஞ்சு, எக்ஸ்டென்ஷன் லெட்டருக்காக மூணு வாரம் அப்படியே தொங்குனேன், அப்புறம்தான் இன்னும் 3 குடுத்தாங்க. அந்த மூணு வாரம் ரொம்ப மோசம்.

இன்னொண்ணு, பெரிய சம்பவம் நடந்தா எல்லாரையும் ஒரு ஹால்ல உக்கார வச்சு ஒரே நாள்ல பேச வச்சு முடிச்சுடுறாங்க. அந்த மாதிரி டீப்ரீஃபிங்க பிடிஎஸ்டி வராம தடுக்கவோ குணப்படுத்தவோ குடுக்காதீங்கன்னு அதே வழிகாட்டுதல்ல இருக்கு. நானும் ஒரு தடவை உக்காந்தேன், மத்தவங்க பாத்ததெல்லாம் கேட்டு என் தலைக்குள்ள இன்னும் நாலு காட்சி ஏறுனதுதான் மிச்சம்.

போறவங்க புக் பண்றப்பவே போலீஸ் ஆளுங்களோட வேலை செஞ்சவங்க வேணும்னு கேளுங்க, நடுவுல நிக்காம எக்ஸ்டென்ஷனுக்கு நாலாவது செஷன்லயே எழுதச் சொல்லுங்க. லீவ் ஃபார்ம்ல மெடிக்கல் அப்பாயின்ட்மென்ட்னு போட்டாப் போதும், நான் கடைசி அஞ்சு தடவையும் அப்படித்தான் போட்டேன், யாரும் மேல கேக்கல.